"நடக்கவும்" என்று எழுதினால் போதுமா?

பழவங்காடிப் பிள்ளையார் சந்நிதியில் விடிந்ததிலிருந்தே தேங்காய் உடையும் ஓசை கேட்கும். தலையில் குட்டிக்கொண்டு தோப்புக்கரணம் போடும் கூட்டத்தில் தமிழ்த் தாய்மார்கள் நிறையப் பேர். நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களில் பலர் மூன்றுக்கு மேல் போட முடியாமல் நின்றுவிடுகிறார்கள். மூட்டு வலி; மூச்சு இரைப்பு. இவர்களில் சிலருடைய பையில் ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்றும் இருக்கும். ரத்தத்தில் கொழுப்பு அதிகம் என்று கண்டிருக்கும். மாத்திரையின் பெயருக்குக் கீழே, "நடக்கவும்" என்று ஒரே ஒரு சொல்.

மாத்திரைக்கு அளவு உண்டு, வேளை உண்டு, மீண்டும் வந்து காட்டவேண்டிய தேதி உண்டு. நடைக்கு மட்டும் இவற்றில் ஒன்றும் இல்லை. எவ்வளவு நேரம், எவ்வளவு வேகம், எங்கே, யாருடன் என்று சொல்வார் இல்லை. அதுவும் மருந்துதான் என்றால், மருந்தைப் போலவே அதைக் கொடுக்கவேண்டாமா?

இது சிறிய விஷயமல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்த நாடளாவிய ஆய்வு 2023-ல் வெளியாயிற்று. கொலஸ்டிரால் கூடுதலாக உள்ளவர்கள் நாட்டில் 100 பேருக்கு 24 பேர் என்றால், கேரளத்தில் 50 பேர். எல்லா மாநிலங்களிலும் இதுவே அதிகம். போதிய உடலுழைப்பு இல்லாத இந்தியப் பெண்கள் 100-க்கு 57 பேர் என்று 2024-ல் வெளிவந்த உலக சுகாதார நிறுவனத்தினரின் கணக்கு கூறுகிறது. ஆண்களில் 42 பேர்.

நடுவயதுப் பெண்களுக்கு இதில் தனி ஆபத்து உண்டு. மாதவிலக்கு நிற்கும் பருவத்தில் ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு குறைகிறது. அதுவரை ஓரளவு காவலாக இருந்தது போய்விடுகிறது. கெட்ட கொழுப்பு ஏறுகிறது. இடுப்பைச் சுற்றிச் சதை போடுகிறது. மாரடைப்பு ஆண்களின் நோய் என்று வீட்டிலுள்ளோர் நினைத்திருக்க, அது ஓசைப்படாமல் அடுப்படிக்கு வந்துவிடுகிறது.

தேகப்பயிற்சி இங்கே என்ன செய்யும்? தசைகள் வேலை செய்யும்போது, ரத்தத்தில் ஓடும் டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பை உடைக்கும் நொதி சுறுசுறுப்படைகிறது. அந்தக் கொழுப்பு எரிபொருளாகச் செலவாகிறது. நல்ல கொழுப்பு சற்றே உயர்கிறது. கெட்ட கொழுப்பு பயிற்சியால் மட்டும் அதிகம் இறங்காது. ஆகவே, நடக்கிறோமே என்று மாத்திரையைத் தாமாக நிறுத்துவது தவறு. தேங்காய் எண்ணெயைக் குறைக்காமல் நடந்துகொண்டிருப்பதும் பாதி வைத்தியம்தான்.

உழைப்பு இதயத்தைக் காக்கும் என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. லண்டன் மாடி பஸ்களில் உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களையும், நாள் முழுதும் படியேறி இறங்கிய கண்டக்டர்களையும் ஜெர்ரி மாரிஸ் என்ற டாக்டரும் அவருடைய குழுவினரும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவு என்று 1953-ல் வெளியிட்டார்கள். ஆனால் அவர்கள் அனைவரும் ஆண்கள். பெண்களின் உழைப்பை அப்போது யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

இன்றும் அந்தக் கணக்குச் சரியாகவில்லை. "வீட்டு வேலையே போதாதா, தனியாக என்ன பயிற்சி?" என்று கேட்பவர்கள் அநேகர். வீட்டு வேலை பெரிய உழைப்புத்தான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் அடுப்புக்கு முன் இரண்டு மணி நேரம் நின்றால் கால் கடுக்குமே தவிர, இதயம் வேகமெடுப்பதில்லை. வாரத்துக்கு 150 நிமிடமாவது மூச்சு சற்றே வாங்கும்படியான இயக்கமும், இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு விதி. நடக்கும்போது பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம்.

சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்கும் ஒரு தொழிலாளியின் மனைவியை எண்ணிப் பாருங்கள். ஐந்து மணிக்கு எழுந்தால் தண்ணீர், சமையல், பிள்ளைகளின் பள்ளிக்கூடம். அதற்குப் பிறகு இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்க்கவேண்டும். மியூசியம் வளாகத்தில் காலையில் நடப்பவர்களோடு சேர அவளுக்கு நேரமும் இல்லை, பஸ் காசும் இல்லை. பழவங்காடித் தெருவிலோ ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் ஒதுங்குவதே பெரும்பாடு. துண்டுப் பிரசுரம் கொடுத்தால் அது மலையாளத்தில் இருக்கிறது. பேச்சு புரியும், எழுத்துத் தெரியாது. நாற்பத்தெட்டு வயதில் சேலையோடு தனியாக வேகமாக நடந்தால், நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்களே என்ற கூச்சம் வேறு. இவளிடம் "நடக்கவும்" என்பது, கையில் காசில்லாதவரிடம் "ஆப்பிள் சாப்பிடவும்" என்பதைப் போன்றது.

இதற்கு வழி இல்லையா? உண்டு. நாகர்கோவில் ரயிலில் போகிறவர்களுக்கு நெய்யாற்றங்கரை தெரியும். அந்தத் தாலுகாவில் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளில், நீரிழிவு வரக்கூடிய நிலையிலிருந்த 1007 பேரை வைத்து 2013 முதல் ஒரு சோதனை நடந்தது. அதில் பாதிப் பகுதிகளில் அக்கம்பக்கத்தார் குழுவாகக் கூடினார்கள். குழுவை நடத்தியவர்களும் அந்த ஊர்க்காரர்களே. முடிவுகள் 2018-ல் வெளியாயின. இரண்டு ஆண்டில் குழுவினரில் 100-க்கு சுமார் 15 பேருக்கும், மற்றவர்களில் 17 பேருக்கும் நீரிழிவு வந்தது. இது உறுதியான வெற்றி என்று சொல்லக்கூடிய வித்தியாசமல்ல. ஆனால் ஏழை எளியவர்கள் வாழும் பகுதியிலும் அண்டை வீட்டாரைச் சேர்த்துப் பயிற்சியை நடத்த முடியும் என்பது தெரிந்தது. கூட்டம் மட்டும் போதாது, அளவான பயிற்சியும் தொடர்ந்த கண்காணிப்பும் வேண்டும் என்பதே அதில் கற்கவேண்டிய பாடம்.

சொந்த ஊர்ப் பக்கமும் பார்க்கலாம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில், மாத்திரையோடு இயன்முறை மருத்துவமும் வீட்டுக்கே போயிற்று. 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை குறிக்கப்பட்டது. கேரளத்திலோ 1998-ல் தொடங்கிய குடும்பஸ்ரீ என்னும் பெண்கள் படையே இருக்கிறது.

ஆகவே பழவங்காடிக்கும் சாலைக்கும் வேண்டியது பெரிய கட்டடமல்ல. புத்தரிக்கண்டம் மைதானம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள், வீட்டு வேலை ஓய்ந்த மாலை வேளையில், பயிற்சி தெரிந்த ஒருவர் அங்கே வரட்டும். சேருமுன் ரத்த அழுத்தம், சர்க்கரை, மூட்டு, நெஞ்சு ஆகியவற்றை டாக்டர் பார்க்கட்டும். பத்து நிமிடத்தில் தொடங்கி, வாரந்தோறும் கூட்டி, முப்பது நிமிடத்துக்குக் கொண்டுவரட்டும். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்த வேண்டும் என்று முதல் நாளே சொல்லட்டும். மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்கட்டும். குறிப்புகள் தமிழிலும் இருக்கட்டும். மாநகராட்சியும் சுகாதாரத் துறையும் ஆவன செய்யவேண்டும். தமிழ் அமைப்புகளும் ஆண்டு விழாவோடு நிற்காமல் இதற்கு முன்வரவேண்டும்.

அரசு செய்யும்வரை காத்திருக்க வேண்டாத காரியமும் ஒன்று உண்டு. அந்தத் தாய்க்கு முதலில் வேண்டியது அரை மணி நேரம். அதை எந்த ஆஸ்பத்திரியும் எழுதிக் கொடுக்க முடியாது. கணவரும் வளர்ந்த பிள்ளைகளும்தான் கொடுக்கவேண்டும். தண்ணீரை ஒருவர் பிடிக்கட்டும். உலையை ஒருவர் வைக்கட்டும். பக்கத்து வீட்டு அக்காவைக் கூட்டிக்கொண்டு அவள் நடந்துவிட்டு வரட்டும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவள் சாய்ந்த பிறகு, வீடே திரண்டு மெடிக்கல் காலேஜுக்கு ஓடுவதைவிட, அது எளிது.