எல்லாத் துவக்கும் ஒரே துவக்கு இல்லை

கனடாவில் துப்பாக்கிச் சட்டம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் எம்மவர் மத்தியில் இரண்டு பதில்களைத்தான் அதிகம் கேட்கிறேன். ஒன்று, "அது வெள்ளைக்காரரின்ர பிரச்சினை, எங்களுக்கென்ன?" மற்றது, "எல்லாத் துவக்கையும் பறிச்சா பிரச்சினை முடிஞ்சுது." மல்வேர்னில் குடியிருந்து, பிள்ளையை இங்கேயே பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறவனுக்கு முதலாவது பதில் சரிவராது. இரண்டாவது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்தத் துவக்கை, யாரிடமிருந்து என்று திருப்பிக் கேட்டால் பேச்சு நின்றுவிடும்.

சிக்கல் எங்கள் பேச்சு வழக்கிலேயே இருக்கிறது. வன்னியில் என் அம்மப்பா, பன்றி வயலுக்குள் இறங்காமல் இருக்க வைத்திருந்த சொட்கனும் துவக்கு. அயல் வீட்டுக்காரரின் இடியனும் துவக்கு. முறைப்படி பதிந்து, லைசென்ஸ் எடுத்து வைத்திருந்த அந்தச் சொட்கன்களை எண்பதுகளில் இயக்கங்கள் மாறி மாறி வந்து வாங்கிக்கொண்டு போயின. அதற்குப் பிறகு ஊரில் மிஞ்சியது பொடியளிடம் இருந்ததும் ஆமியிடம் இருந்ததும்தான். அதற்கும் துவக்கு என்றுதான் பெயர். பிறகு அந்தச் சொல்லைக் கேட்டால் எங்கள் அம்மாமாருக்கு வயிற்றைக் கலக்குவதில் என்ன ஆச்சரியம்?

கனடியச் சட்டம் இவற்றை ஒன்றாகப் பார்ப்பதில்லை. எனக்கு இதை விளக்கமாகச் சொன்னவர் சட்டத்தரணி அல்ல, டூரம் பக்கம் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கும் துவக்குத் திருத்துகிற முதியவர். என்னுடன் வேலை செய்யும் ஒருவர் தாரா வேட்டைக்காரர். வேட்டைக் காலம் தொடங்க முன்னர் தன் சொட்கனை அவரிடம் கொண்டுபோவார். ஒரு சனிக்கிழமை நானும் கூடப் போனேன். கடைசல் இயந்திரம், எண்ணெய் வாசம், சின்னச் சின்ன எடைக் கற்கள். நான் படித்தது பொறியியல் என்பதால் இரண்டு மணித்தியாலம் போனதே தெரியவில்லை. எங்கள் துறையில் ஒரு பிழையை "அடுத்த வேர்ஷனில பாப்பம்" என்று தள்ளிப்போடலாம். அவருக்கு அந்த வசதி இல்லை.

அவரிடம் வருகிறவர்களில் அவருக்கு அதிகம் பிடித்தவர்கள் பறவை வேட்டைக்காரர். இதைக் கேட்டதும் எனக்கு முகம் சுளித்தது. ஆனால் அந்த வேட்டைக்கு இருக்கும் கட்டுப்பாடுகளைக் கேட்டால் யாரும் கொஞ்சம் யோசிப்பார்கள். முதலில் துப்பாக்கிப் பாதுகாப்புப் பாடநெறியும் லைசென்ஸும். புதிதாக விண்ணப்பிப்பவர் குறைந்தது 28 நாட்கள் காத்திருக்க வேண்டும். லைசென்ஸ் கிடைத்த பிறகும் பெயர் பொலிஸ் தரவுகளோடு தொடர்ந்து ஒப்பிடப்படும். வேட்டைக்கென இன்னொரு பாடநெறி. வலசைப் பறவைக்கென மத்திய அரசின் தனி அனுமதி, அதோடு ஒரு முத்திரை. முத்திரைக் காசு ஈரநிலங்களைப் பாதுகாக்கப் போகிறது. துவக்கில் மூன்று தோட்டாவுக்கு மேல் ஏற்ற முடியாதபடி அடைப்பு போட்டிருக்க வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை பறவை என்பதற்கும் கணக்கு உண்டு. எங்கள் வீட்டுக்குக் கிட்ட இருக்கும் ரூஜ் தேசியப் பூங்காவில் கனடா வாத்துகள் இவ்வளவு தைரியமாக உலாவுவதற்குக் காரணம், அங்கே வேட்டையே கூடாது என்பதுதான்.

இந்தச் சட்டங்கள் வேட்டைக்காரர்மீதான கோபத்தில் பிறந்தவை அல்ல. வட அமெரிக்க வானத்தை ஒரு காலத்தில் மறைத்துப் பறந்த பயணப் புறா இனத்தின் கடைசிப் பறவை 1914 இல் சின்சினாட்டி மிருகக்காட்சிச்சாலையில் செத்துப்போனது. இரண்டு வருடத்தில் வலசைப் பறவைகளைக் காக்கும் உடன்படிக்கை வந்தது, 1917 இல் கனடா அதற்குச் சட்டம் இயற்றியது. பிறகு ஈயக் குண்டின் கதை. சதுப்பில் விழுந்த ஈயக் குண்டுகளைத் தாராக்கள் சிறுகல் என்று நினைத்து விழுங்கி நஞ்சேறிச் செத்தன. 1999 முதல் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயம் நாடு முழுவதும் தடை. உருக்குக் குண்டு பழைய குழாய்களைக் கெடுக்கும் என்று அப்போது வேட்டைக்காரர் கத்தினார்களாம். இந்த முதியவரும் கத்தியவர்தான். இன்று அதைச் சொல்லிச் சிரிக்கிறார். இதை மனதில் வையுங்கள், பின்னுக்குத் தேவைப்படும்.

அடுத்தது போட்டிக்குச் சுடுகிறவர்கள். எடைக் கற்கள் எதற்கு என்று கேட்டேன். ஒலிம்பிக் 10 மீற்றர் காற்றுப் பிஸ்டலின் விசையில் 500 கிராம் எடையைத் தொங்கவிட்டுப் பார்ப்பார்கள். அதைத் தாங்க வேண்டும், தாங்காமல் தட்டுப்பட்டால் அந்தப் பிஸ்டல் போட்டிக்கு உதவாது. 25 மீற்றர் பிஸ்டலுக்கு 1000 கிராம். ஒரு சின்ன உதிரிப்பாகம் பழுதானால் நாலு வருட உழைப்பே போய்விடும். இந்தியாவின் மனு பாகருக்கு 2021 இல் டோக்கியோவில் அதுதான் நடந்தது. தகுதிச் சுற்றின் நடுவில் பிஸ்டல் பழுதாகி, நேரம் போய், இறுதிச் சுற்றுக்கு வர முடியவில்லை. 2024 இல் பாரிஸில் அவர் இரண்டு வெண்கலம் எடுத்தது எல்லோருக்கும் தெரியும். அதே பாரிஸுக்குப் போனவர்களில் இருவர் தமிழர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? காற்றுத் துப்பாக்கிக்கு கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன். பறக்கும் களிமண் தட்டைச் சுடும் ட்ராப் போட்டிக்குப் புதுக்கோட்டை அரச குடும்பத்துப் பிருத்விராஜ் தொண்டைமான். ட்ராப் பறவை வேட்டையில் இருந்து வந்த விளையாட்டு. 1900 இல் பாரிஸ் விளையாட்டுகள் நடந்தபோது உயிருள்ள புறாக்களையே சுட்டார்கள். இப்போது தட்டு. நல்ல மாற்றம்தான்.

கைத்துப்பாக்கி என்று வரும்போதுதான் எங்களுக்குள் விவாதம் சூடானது.

2022 ஒக்ரோபர் 21 முதல் கனடாவில் தனியார் கைத்துப்பாக்கி வாங்கவோ, விற்கவோ, இன்னொருவருக்கு மாற்றவோ முடியாது. 2023 டிசம்பரில் சி-21 சட்டமூலம் நிறைவேறி இது நிரந்தரமாகிவிட்டது. ஏற்கெனவே வைத்திருப்பவர் வைத்திருக்கலாம், பிள்ளைக்குக் கொடுக்க முடியாது. முதியவரின் கணக்கு எளிமையானது. கைத்துப்பாக்கிக்கு இங்கே 1934 முதல் பதிவு உண்டு. அதைச் சுடுவதற்கு அனுமதி பெற்ற சுடுகளத்துக்குத்தான் கொண்டுபோகலாம். தற்பாதுகாப்புக்கு என்று சொல்லி வாங்க வருகிறவனைத் தான் கதவடியிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறேன் என்கிறார். களவாக அமெரிக்காவில் இருந்து வருவதை விட்டுவிட்டு, பதிந்து வைத்திருக்கிறவனை ஏன் பிடிக்கிறாய் என்பது அவருடைய கேள்வி.

இதில் பாதி உண்மை. எங்கள் ஸ்காபரோ ஆட்களுக்கு அதை யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. 1997 டிசம்பரில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் படித்த ஒரு தமிழ்ப் பிள்ளை, எந்தக் குழுவோடும் தொடர்பில்லாதவன், டோனட் கடையில் இருந்தபோது சுடப்பட்டுச் செத்தான். 2012 ஜூலையில் டான்சிக் வீதிக் கொண்டாட்டத்தில் இருவர் செத்து இருபதுக்கும் மேற்பட்டோர் காயப்பட்டார்கள். ரொறொன்ரோவில் பிடிபடும் கைத்துப்பாக்கிகளில் பெரும்பான்மை எல்லை தாண்டி வந்தவை என்று பொலிஸ் வருடக்கணக்காகச் சொல்லி வருகிறது. 2020 ஏப்ரலில் நோவா ஸ்கோஷியாவில் 22 பேரைக் கொன்றவனிடம் லைசென்ஸே இருக்கவில்லை. அவனுடைய ஆயுதங்களில் பெரும்பாலானவை அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் இருந்து கடத்தி வந்தவை.

ஆனால் மற்றப் பாதியை அவர் தொட மறுக்கிறார். 2017 ஜனவரி 29 இரவு கியூபெக் நகரப் பள்ளிவாசலில் தொழுகைக்கு வந்த ஆறு பேரைக் கொன்றவனிடம் லைசென்ஸ் இருந்தது. அவன் சுட்டது சட்டப்படி வாங்கிய கைத்துப்பாக்கியால். 2018 ஜூலையில் டான்ஃபோர்த் வீதியில் ஒரு பத்து வயதுப் பிள்ளையையும் பதினெட்டு வயதுப் பிள்ளையையும் கொன்ற துவக்கு, சஸ்கட்டூனில் களவு போனது. கடையில் இருந்ததுதான் வீதிக்கு வந்தது. "நூற்றுக்கு ஒண்டுதானே" என்று சொல்லலாம். வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் நூற்றுக்கணக்கான சனம் கூடுகிற ஒரு சிறுபான்மைக்கு அந்த ஒன்று சின்னக் கணக்கு இல்லை.

ஆகவே கைத்துப்பாக்கி முடக்கத்தை நான் ஆதரிக்கிறேன். சொட்கனுக்கு வேலை இருக்கிறது. மறைத்துக்கொண்டு போகக்கூடிய, கையடக்கமான ஒன்றுக்குச் சுடுகளத்துக்கு வெளியே இந்த நாட்டில் ஒரு வேலையும் இல்லை. ஈயக் குண்டு மாதிரித்தான், இன்று கத்துகிறவர் இருபது வருடத்தில் சிரிப்பார் என்று முதியவருக்கே சொன்னேன். "அப்ப நான் இருக்கமாட்டன், அதால எனக்குப் பரவாயில்லை" என்ற கருத்தில் ஏதோ சொன்னார்.

ஒரு இடத்தில் மட்டும் சட்டம் குறையாக இருக்கிறது, அதில் நான் அவர் பக்கம். ஒலிம்பிக், பாராலிம்பிக் பிஸ்டல் போட்டியாளர்களுக்கு விலக்கு உண்டு. அதற்கு விளையாட்டு அமைப்பின் கடிதம் வேண்டும், நீ ஏற்கெனவே அந்தப் போட்டிக்குப் பயிற்சி செய்கிறாய் என்று. ஏற்கெனவே உள்ளே இருப்பவருக்கு அது சரி. 1984 இல் லொஸ் ஏஞ்சல்ஸில் லிண்டா தொம் 25 மீற்றர் பிஸ்டலில் கனடாவுக்குத் தங்கம் எடுத்தார். அடுத்த லிண்டா தொம் மல்வேர்னில் ஒரு தமிழ்ப் பிள்ளையாக இருந்தால் அவள் எங்கே போய்த் தொடங்குவது? 2008 இல் மாநகர சபை தன் கட்டடங்களில் இருந்த சுடுகளங்களை மூட முடிவெடுத்தது. யூனியன் நிலையத்தில் ஒன்று, எங்கள் ஸ்காபரோ சமூக மையம் ஒன்றில் மற்றது. பத்து வருடம் கழித்து டான்ஃபோர்த் நடந்தது. அந்தக் களங்களில் பயின்றவர்களுக்கும் வீதியில் சுடுகிறவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இருக்கவில்லை.

சட்டத்தை மாற்றாமலே ஒரு வழி இருக்கிறது. வினாடிக்கு 152.4 மீற்றர் வேகத்தைத் தாண்டாத காற்றுத் துப்பாக்கிக்குக் கனடாவில் லைசென்ஸ் தேவையில்லை. 10 மீற்றர் போட்டிக்கான பிஸ்டல்களை இந்த எல்லைக்குள் வாங்கலாம். பத்து மீற்றர் நீளமான ஒரு அறை, பின்னால் நல்ல தடுப்பு, கண்ணாடி, பயிற்றுநர், சாமானைப் பூட்டி வைக்க ஒரு பெட்டகம். ஸ்ரெயின்ஸ் வீதியில் தமிழ்ச் சமூக மையம் திட்டமிடப்பட்டிருக்கிறது. அதில் பாட்மிண்டனுக்கும் கரம் போர்டுக்கும் இடம் கேட்பவர்கள் இதையும் ஒருக்கால் யோசித்தால் என்ன? "ஐயோ தம்பி, இஞ்ச வந்தும் துவக்கோ?" என்று அன்ரிமார் கேட்பது எனக்கு இப்போதே கேட்கிறது. அந்தக் கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் சொல்லித்தான் அனுமதி வாங்க வேண்டும், மறைத்து அல்ல. மூச்சை அடக்கி, ஒரு மணித்தியாலம் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்கு எங்கள் வீட்டுப் பொடியனைப் பழக்க முடியுமா என்பது வேறு கதை. ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் போனைப் பார்க்கிறான்.

அடுத்த தேர்தலில் நீல்சன் வீதிப் பக்கம் கதவு தட்ட வருகிற வேட்பாளரிடம் "துவக்கைத் தடை செய்வீங்களோ?" என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லையில் எத்தனை வாகனத்தைத் திறந்து பார்க்கிறார்கள், துப்பாக்கிக் கடைகளின் பூட்டை யார் போய்ச் சோதிக்கிறார்கள், லைசென்ஸ் கேட்டவனின் மனநிலை பற்றி அவன் எழுதிக்கொடுத்ததை யார் சரிபார்க்கிறார்கள் என்று கேளுங்கள். முதியவரிடம் இந்தப் பட்டியலைக் காட்டினேன். முதலாவதுக்குத் தலையாட்டினார். இரண்டாவதுக்கு, தன் பூட்டு நல்ல பூட்டு என்றார். மூன்றாவதை வாசித்துவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.