தலை எண்ணிக்கையும் தாய்மொழியும்

கேரளத்தில் கல்வியாண்டின் ஆறாவது வேலை நாளில் எடுக்கப்படும் மாணவர் கணக்கே அவ்வாண்டின் ஆசிரியர் பணியிடங்களைத் தீர்மானிக்கிறது. நகரத்துப் பெரிய பள்ளிக்கு அது வெறும் நடைமுறை. எலப்புள்ளியிலிருந்து கிழக்கே கொழிஞ்சாம்பாறை வரை நீளும் பாலக்காட்டு எல்லையிலும், தேவிகுளம், பீர்மேடு மலைகளிலும் தமிழ்வழிப் பிரிவு நடத்தும் சிறு பள்ளிக்கோ அதுவே வாழ்வா சாவா என்ற கேள்வி.

அரசுப் பள்ளிகளுக்கும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் ஊதியத்தை அரசே வழங்குகிறது. கல்விச் செலவின் பெரும்பகுதியும் அதுவே. ஆகவே ஒரு பணியிடம் என்பதே அப்பள்ளிக்குக் கிடைக்கும் நிதி. சில பிள்ளைகள் குறைந்தால் பணியிடம் போகிறது. ஒரே ஆசிரியர் இரண்டு வகுப்புகளை நடத்துகிறார். அதைக் காணும் பெற்றோர் பிள்ளையை ஆங்கிலவழிக்கோ மலையாளவழிக்கோ மாற்றுகின்றனர். மறு ஆண்டு எண்ணிக்கை மேலும் சரிகிறது. வகுப்புக்குச் சராசரியாகப் பதினைந்து பேர்கூட இல்லாத பள்ளிகளை ஆதாயமற்றவை என்று வகைப்படுத்தும் வழக்கமும் அங்கு உண்டு. நிதி விதி உண்டாக்கிய சரிவு, இறுதியில் அந்தச் சமூகத்தின் அக்கறையின்மையாகப் பதிவாகிறது.

கட்டடங்களுக்கும் இதே அளவுகோல்தான். 2017இல் தொடங்கிய பொதுக்கல்விப் பாதுகாப்பு இயக்கத்தின்கீழ், கிஃப்பி நிதியிலிருந்து தொகுதிக்கு ஒரு பள்ளிக்கு 5 கோடி ரூபாயும், ஆயிரம் மாணவருக்கு மேற்பட்ட பள்ளிகளுக்கு 3 கோடியும், ஐந்நூறுக்கு மேற்பட்டவற்றுக்கு 1 கோடியும் என வரையறுக்கப்பட்டது. பொதுப்பள்ளிகளுக்குப் புத்துயிர் அளித்த திட்டம் அது என்பதில் ஐயமில்லை. ஆனால் நூறு பிள்ளைகள் படிக்கும் எல்லையோரப் பள்ளி அந்தப் படிக்கட்டின் முதற்படியைக்கூட எட்டுவதில்லை.

எண்ணிக்கை அளவுகோல் யாரிடமும் பாகுபாடு காட்டுவதில்லை என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். அந்த நியாயத்தை முதலில் மறுத்தது கேரளமே. மத்திய வரிப் பகிர்வில் கேரளத்தின் பங்கு 14ஆவது நிதிக்குழுக் காலத்தில் 2.5 விழுக்காடாக இருந்தது. 15ஆவது குழுவின் பரிந்துரையில் 1.925 ஆகச் சுருங்கியது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகையை அடிப்படையாகக் கொள்வது, பிறப்பு விகிதத்தைக் கட்டுப்படுத்திய மாநிலத்தைத் தண்டிப்பதாகும் என்று கேரளம் வாதிட்டது. அந்த வாதம் சரியானது. தில்லியிடம் செல்லுபடியாகும் நியாயம் தேவிகுளத்துப் பள்ளிக்கு மட்டும் பொருந்தாமல் போவது எப்படி?

மொழிவழி மாநிலங்கள் அமைந்த அதே 1956ஆம் ஆண்டில்தான், ஏழாவது திருத்தத்தின் மூலம் அரசமைப்பில் 350அ பிரிவு சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியில் தாய்மொழிவழிக் கற்பித்தலுக்குப் போதிய வசதி செய்ய முயல்வது ஒவ்வொரு மாநிலத்தின் கடமை என்கிறது அது. எல்லைக் கோடு எங்கே விழுந்தாலும் சிலர் மறுபுறம் நிற்பார்கள் என்பதை அறிந்து எழுதப்பட்ட வாக்குறுதி அது. சிறுபான்மை என்றாலே எண்ணிக்கையில் சிறியது. அதற்குரிய உரிமையை எண்ணிக்கையாலேயே அளப்பது, கொடுத்ததைப் பின்வாசல் வழியே திரும்பப் பெறுவதாகும்.

மாற்று வழி உலகில் இல்லாததன்று. பின்லாந்தில் இருமொழி நகராட்சிகளுக்கு அரசு மானியம் கணக்கிடப்படும்போது, இரண்டு மொழிகளில் சேவை வழங்கும் கூடுதல் செலவும் மதிப்பிடப்படுகிறது. கேரளமும் தமிழ், கன்னடவழிப் பிரிவுகளுக்குத் தனிக் குறைந்தபட்சப் பணியிடங்களை வரையறுக்கலாம். ஓராண்டுக் கணக்குக்கு மாறாக மூன்றாண்டுச் சராசரியைக் கொள்ளலாம். கட்டட நிதியில் சிறு பள்ளிகளுக்கெனத் தனி ஒதுக்கீடு செய்யலாம். மாநிலத்தின் மொத்தக் கல்விச் செலவில் இது சிறு தொகையே.

எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே தொகை என்பது சமத்துவத்தின் தொடக்கம் மட்டுமே. ஒரே தரமான வகுப்பறையை அடைய எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு செலவாகும் என்று கேட்கும் இடத்தில்தான் நீதி தொடங்குகிறது. ஆறாவது வேலை நாளின் கணக்கேட்டில் அந்தக் கேள்விக்கு இன்னும் ஒரு கட்டம் ஒதுக்கப்படவில்லை.