மல்பெரித் தோட்டம் எந்த அமைச்சகத்தில் சேரும்?

மத்திய வேளாண் அமைச்சருக்கும் சுற்றுச்சூழல் அமைச்சருக்கும்,

தெள்ளாரிலிருந்து எழுதுகிறேன். ஆரணிப் பட்டு நெய்கிற குடும்பம். நூல் தறிக்கு வரும்போது பட்டுப்புழுவும் அது தின்கிற மல்பெரி இலையும் யாருக்கும் ஞாபகத்தில் இருக்காது. எனக்கு ஞாபகம் வந்தது 2009-ல், கோபிசெட்டிபாளையம் பக்கம் சம்பந்தி வீட்டு மல்பெரித் தோட்டத்தில். கொழுந்தெல்லாம் முறுக்கிக்கொண்டு, தண்டைச் சுற்றிப் பஞ்சு அப்பியதுபோல் வெள்ளை வெள்ளையாக. தொட்டால் பிசுபிசுப்பு, மேலே எறும்பு வரிசை. மருந்தடிக்கலாம்தான்; ஆனால் அந்த இலையைத்தானே புழு தின்ன வேண்டும்? இருக்கிறதிலேயே அதிகம் தின்கிற ஐந்தாம் பருவப் புழு, தட்டில் தலையைத் தூக்கித் தூக்கி இலை தேடியது. சம்பந்தியம்மா பார்க்கமாட்டாமல் வெளியே போய்விட்டார்.

அது பப்பாளி மாவுப்பூச்சி. பூர்வீகம் மெக்சிகோ பக்கம். 2008-ல் கோவையில் கண்டார்கள். பப்பாளி, மரவள்ளி, பருத்தி என்று எதையும் விடவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அதன் ஒட்டுண்ணிக் குளவியை முறைப்படி வரவழைத்து, சோதித்து, தோட்டங்களில் விட்ட பிறகுதான் அடங்கியது. அதனால் அயல்நாட்டு உயிர் எதுவுமே வரக்கூடாது என்று கேட்க எனக்கு வாயில்லை. காப்பாற்றியதும் அயல்நாட்டுக் குளவிதான். ஆனால் அது அனுமதி வாங்கி வந்தது. மாவுப்பூச்சி யாரையும் கேட்கவில்லை. பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மன் பாண்டியனை முறியடித்த ஊர் எங்களுடையது. படை வந்தால் புழுதியாவது தெரியும்; இது வந்ததே தெரியவில்லை!

அதற்குப் பிறகும் புதுப் பூச்சிகள் வருவது நிற்கவில்லை. 2016-ல் பொள்ளாச்சித் தென்னையில் சுருள் வெள்ளை ஈ, 2018-ல் மக்காச்சோளத்தில் படைப்புழு, 2020-ல் மரவள்ளிக்கென்றே இன்னொரு மாவுப்பூச்சி.

இவற்றைத் தடுக்கச் சட்டம் இல்லாமலில்லை. பயிர்ப்பூச்சிக்கு வெள்ளைக்காரன் காலத்து 1914 சட்டம், அதன்கீழ் 2003-ல் ஓர் ஆணை. கால்நடை இறக்குமதிக்கு 1898 சட்டம். 2022-ல் வனவிலங்குச் சட்டத்தைத் திருத்தி, 62ஏ பிரிவில், அந்நிய ஆக்கிரமிப்பு இனங்களின் இறக்குமதியையும் விற்பனையையும் தடுக்கும் அதிகாரத்தை மத்திய அரசு எடுத்துக்கொண்டது. நல்ல காரியம். ஆனால் காட்டுயிருக்கோ அதன் வாழிடத்துக்கோ ஆபத்து என்றால்தான் அந்தப் பிரிவு வாய் திறக்கும். மல்பெரித் தோட்டம் காடா? இன்னொரு அயல் இனமான ஆப்பிரிக்கத் தேளிமீனைப் பற்றிக் கேட்டால் அது மீன்வளத் துறை வாசல். 2000-லேயே அதற்குத் தடை போட்டாயிற்று. இன்னமும் குட்டைகளில் வளர்த்துப் பிடிபடுகிறார்கள்.

இத்தனை வாசலையும் ஒன்றாக்கத்தான் 2013-ல் வேளாண் உயிரிப் பாதுகாப்பு மசோதா மக்களவைக்கு வந்தது. அந்த 1898, 1914 சட்டங்கள் இரண்டையும் நீக்கிவிட்டு, பயிர், கால்நடை, நீர்வாழ் உயிர் எல்லாவற்றுக்கும் ஒரே ஆணையம் என்றது. 2014-ல் மக்களவை கலைந்ததும் அதுவும் காலாவதியானது. நியூசிலாந்து இப்படியொரு சட்டத்தை 1993-லேயே போட்டுவிட்டது.

அந்த மசோதாவைத் தூசு தட்டி எடுங்கள். எடுக்கும்போது ஒரு வரி சேருங்கள்: புதுப் பூச்சியை முதலில் பார்த்துச் சொல்கிற விவசாயியின் தோட்டத்தைப் பிடுங்க நேர்ந்தால், ஈட்டுத்தொகை ஒரு மாதத்துக்குள் அவர் கைக்கு வர வேண்டும். இல்லாவிட்டால் யார் சொல்வார்கள்? சம்பந்தி வீட்டிலேயே பக்கத்துத் தோட்டக்காரருக்குத் தெரியாமல்தான் செடியை எரித்தார்கள். இப்போது அங்கே மஞ்சள். புழுத் தட்டுகள் பரணில் இருக்கின்றன.

இப்படிக்கு,
தெள்ளார் நெசவாளி ஒருவன்