பொறி எழுதலாம், பொறுப்பு எவருடையது?

கணினி விஞ்ஞானம் பயில விழையும் மாணவர் ஒருவர் எம்மிடம் வினா ஒன்று விடுத்துள்ளார். “செய்நிரலைப் பொறியே எழுதித் தருகின்ற இக்காலத்தில் நான் அதனைக் கற்பதால் யாது பயன்?” என்பதே அது. பெற்றோர் பலரது உள்ளத்திலும் இவ்வையம் உண்டென்பதை யாம் அறிவோம்.

இப்பொறிகளைப் பெருமொழி மாதிரிகள் என்பர். 2021ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ‘கிற்ஹப் கோபைலற்’ என்னும் துணைக்கருவி முன்னோட்டமாக வெளிவந்தது. அடுத்த ஆண்டில் யாவர்க்கும் பொதுவாயிற்று. மாந்தர் எழுதிய எண்ணிறந்த வரிகளைப் பயின்று, இதன்பின் எது வருதல் இயல்பு எனக் கணித்து எழுதிச் செல்வதே இவற்றின் முறை. இயல்பாகத் தோன்றுவன யாவும் சரியாவதில்லை. இல்லாத நிரற்றொகுதியொன்றின் பெயரையும் இவை உண்டெனக் கூறிவிடுதல் உண்டு.

எடுத்துக்காட்டொன்று காண்போம். ஓர் ஆண்டு நெட்டாண்டா என்று கூறும் செய்நிரல் வேண்டும். ‘நான்கால் மிச்சமின்றி வகுபடின் நெட்டாண்டு’ என்று எழுதினால், 2024க்குச் சரியான விடை வரும், 2000க்கும் வரும். 2100க்கோ பிழைத்துவிடும். நூறால் வகுபடும் ஆண்டு நானூறாலும் வகுபட்டாலன்றி நெட்டாண்டாகாது என்பது விதி. விதியை அறியாதவருக்கு அச்செய்நிரல் பழுதற்றதாகவே தோன்றும். அறிந்தவரோ 1900ஐ இட்டுப் பார்த்து உடனே பிழை காண்பர்.

பொறியால் வேகம் கூடுமா? 2023இல் வெளியான ஆய்வொன்றிலே, கிற்ஹப் கோபைலற்றைக் கைக்கொண்டோர், கொடுத்த ஒரு வேலையை 55.8 வீதம் விரைவாக முடித்தனர். 2025 யூலையில் ‘மெற்றர்’ என்னும் அமெரிக்க நிறுவனம் வெளியிட்ட ஆய்வோ வேறு கதை கூறிற்று. அனுபவம் மிக்க 16 செய்நிரலாளர், தாம் நன்கறிந்த திட்டங்களில் 246 பணிகளைச் செய்தனர். அன்றிருந்த பொறிகளின் துணையுடன் செய்தபோது 19 வீதம் கூடுதலான நேரம் சென்றது. வியப்பு யாதெனில், பணி முடிந்த பின்னரும் அவர்கள், தாம் 20 வீதம் விரைந்து செய்ததாகவே நம்பியிருந்தனர்! பொறி தந்ததை வாசித்தலிலும் திருத்தலிலும் கழிந்த நேரம் அவர்கள் கருத்திற் படவில்லை போலும். புதிய பொறிகள் இதனினும் திறமையுடையனவாகலாம். எனினும், நம் கணிப்பு நம்மையே ஏமாற்றும் என்னும் பாடம் நிலைத்திருக்கும்.

வைத்தியசாலையில் மருந்தின் அளவைக் கணிக்கும் செய்நிரல் பிழைத்ததென்று வைத்துக்கொள்வோம். நோயாளியின் உறவினர் பொறியிடமா நியாயம் கேட்பர்? அதனை ஏற்று நடைமுறைக்கு விட்ட மனிதரே விடை கூறல் வேண்டும். தாம் விளங்கிக்கொள்ளாத ஒன்றுக்கு அவர் எவ்வாறு விடை கூறுவார்?

ஆதலால் அம்மாணவருக்கு யாம் கூறுவது இதுவே: தம்பி, கற்பதைக் கைவிடாதீர். சிறு செய்நிரல்களை முதலில் நீரே எழுதும், பிழைவிட்டுத் திருத்தும். பின்னர்ப் பொறியை வினவும். அது தரும் விடையை வரிவரியாக வாசித்து, எங்கே பிழைக்கக்கூடும் என்று எண்ணிச் சோதனைகளை நீரே வகுத்துக்கொள்ளும். விளங்காத வரி ஒன்றேனும் இருப்பின், அதனை உமது வேலையென்று ஒப்படைக்க வேண்டாம். அவ்வாறு பழகியவருக்குப் பொறி நல்ல துணைவனாகும். பழகாதவருக்கோ, தம் பிழையைத் தாமே அறியாதிருக்கும் நிலைதான் எஞ்சும்.