அவருக்குப் பின் யார்?

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் வழியில் இருக்கிறது, மேலகரம். அருவிக்குப் போகிறவர்கள் பஸ்ஸில் இருந்தபடியே பார்த்துவிட்டுப் போகும் ஊர். ஆனால், தமிழ் படித்தவர்களுக்கு இது பெரிய ஊர். "குற்றாலக் குறவஞ்சி" பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் இந்த ஊர்க்காரர்.

இதே ஊரில் பிறந்த இன்னொரு பெரியவர், சுப்பிரமணிய தேசிகர். திருவாவடுதுறை ஆதீனத்தின் தலைவராக விளங்கியவர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையையும், அவருடைய மாணவர் உ. வே. சாமிநாதய்யரையும் ஆதரித்தவர்.

சுப்பிரமணிய தேசிகர் ஒரே நாளில் தலைவர் ஆகிவிடவில்லை. அவருக்கு முன்னால் அம்பலவாண தேசிகர் தலைவராக இருந்தார். அப்போது இவர் "சின்னப்பட்டம்". அதாவது, இளைய தலைவர். பெரியவர் இருக்கும்போதே அடுத்தவர் யார் என்று தெரிந்துவிடும். அவர் கூடவே இருந்து நிர்வாகம் பழகுவார். பெரியவருக்குப் பிறகு பொறுப்பை ஏற்பார். மடங்களில் இது நெடுநாளைய வழக்கம்.

மடத்துக்கு இந்த ஏற்பாடு இருக்கிறது. நாட்டை ஆளும் மந்திரிசபைக்கு?

பட்டம் கட்ட முடியாது

மந்திரிசபைக்கு சின்னப்பட்டம் கிடையாது. இருக்கவும் கூடாது. ஏனென்றால், முதல்-மந்திரியின் நாற்காலி அவருடைய சொந்த நாற்காலி அல்ல. மக்கள் ஓட்டுப் போட்டு சட்டசபைக்கு உறுப்பினர்களை அனுப்புகிறார்கள். அவர்களில் பாதிப்பேருக்கு மேல் யாரை ஆதரிக்கிறார்களோ, அவரை கவர்னர் முதல்-மந்திரியாக நியமிக்கிறார். முதல்-மந்திரி ராஜினாமா செய்தால், மந்திரிசபை முழுவதும் அவரோடு போய்விடும். அடுத்தவர் மறுபடியும் பெரும்பான்மையைக் காட்ட வேண்டும்.

முதல்-மந்திரிக்கு ஓய்வு பெறும் வயது என்று ஒன்றும் இல்லை. தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவுக்கு உண்டு. தமிழ்நாட்டில் அரசு ஊழியர்களின் ஓய்வு வயது, 2021-ம் ஆண்டு 60 ஆக்கப்பட்டது. ஆனால் சட்டசபை உறுப்பினர் ஆவதற்கு 25 வயது நிரம்ப வேண்டும் என்று சொல்கிற அரசியல் சட்டம், எந்த வயதில் விலக வேண்டும் என்று சொல்லவில்லை. அதைத் தலைவரின் மனசாட்சிக்கும், கட்சிக்கும், மக்களுக்கும் விட்டுவிட்டது.

ஒரே கட்சி ஆளும்போதே இது சங்கடமான விஷயம். பல கட்சிகள் சேர்ந்து ஆளும் கூட்டு மந்திரிசபையில் சங்கடம் இன்னும் அதிகம். கூட்டுக் குடும்பத்தில் மூத்தவர் பெட்டிச் சாவியைக் கொடுப்பதைப் போன்றது அது. தன் பிள்ளைகள் மட்டும் சம்மதித்தால் போதாது. தம்பிகள் சம்மதிக்க வேண்டும். தம்பி மக்களும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் முகத்தைத் திருப்பினாலும் பாகப்பிரிவினைதான்!

மலைக்கு அந்தப் பக்கம்

மேலகரத்துக்கு மேற்கே மலை. மலைக்கு அப்பால் கேரளம். பக்கத்திலுள்ள செங்கோட்டை, 1956-ம் ஆண்டு நவம்பர் 1-ந்தேதி தமிழ்நாட்டோடு சேரும் வரை திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்தது. ஆகவே, மலைக்கு அந்தப் பக்கத்து அரசியல் இந்தப் பக்கத்து மக்களுக்குப் புதிது அல்ல.

கூட்டு மந்திரிசபைக்குப் பள்ளிக்கூடம் என்று கேரளத்தைச் சொல்லலாம். அங்கே 1969-ம் ஆண்டு நவம்பர் 1-ந்தேதி முதல்-மந்திரி ஆனார், அச்சுத மேனன். இந்திய கம்யூனிஸ்டு கட்சிக்காரர். அடுத்த ஆண்டு தேர்தல் நடந்தது. அவரே மறுபடியும் முதல்-மந்திரி ஆனார். 1971-ம் ஆண்டு காங்கிரசும் மந்திரிசபையில் சேர்ந்தது. காங்கிரசுக்கு உறுப்பினர்கள் அதிகம். முதல்-மந்திரியின் கட்சிக்குக் குறைவு. ஆனாலும், அவரையே தலைவராக வைத்து ஆட்சி நடந்தது. கேரளத்தில் முழு ஆயுளும் வாழ்ந்த முதல் மந்திரிசபை அதுதான்.

1977-ம் ஆண்டு தேர்தல் வந்தது. அச்சுத மேனன் போட்டியிடவில்லை. அப்போது அவருக்கு வயது 64. அந்தத் தேர்தலில் அவருடைய கூட்டணி, 140 இடங்களில் 111 இடங்களைப் பிடித்தது. ஜெயிக்கிற நேரத்தில் பதவியை விட்டு இறங்கியவர், திருச்சூரில் எழுத்தும் படிப்புமாக மீதி நாட்களைக் கழித்தார்.

தலைவர் அழகாக விலகினார். ஆனால், அதன் பிறகு நடந்தது என்ன?

1977 மார்ச்சில் கருணாகரன் முதல்-மந்திரி ஆனார். ராஜன் என்ற மாணவர் போலீஸ் காவலில் மறைந்த வழக்கினால், ஒரே மாதத்தில் ராஜினாமா செய்தார். 36 வயது ஏ. கே. அந்தோணி வந்தார். சிக்மகளூர் இடைத்தேர்தலில் தம் கட்சி எடுத்த முடிவை ஏற்காமல், 1978-ல் விலகினார். பி. கே. வாசுதேவன் நாயர் வந்தார். இடதுசாரிக் கட்சிகளின் ஒற்றுமைக்காக என்று, 1979 அக்டோபரில் அவரும் விலகினார். அடுத்து முகமது கோயா. இரண்டு மாதம்கூட நிறைவதற்குள் அந்த மந்திரிசபையும் போய்விட்டது. ஜனாதிபதி ஆட்சி வந்தது.

மூன்று ஆண்டுகள் முடிவதற்குள் நான்கு முதல்-மந்திரிகள்! கொள்கைக்காகப் பதவியை உதறியவர்களும் அவர்களில் உண்டு. அதற்கு மரியாதை செய்ய வேண்டியதுதான். ஆனாலும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. ஒருவர் நல்லபடியாக விலகினால் மட்டும் போதாது. அடுத்தவரை எல்லா கட்சிகளும் ஏற்று, தொடர்ந்து தாங்கவும் வேண்டும்.

டெல்லியில் நடந்த போட்டி

அதே ஆண்டுகளில், டெல்லியில் இதைவிட மோசமான காட்சி நடந்தது.

பல கட்சிகள் ஒன்றாகி ஜனதா கட்சி உருவானது. அது 1977 மார்ச்சில் ஆட்சியைப் பிடித்தது. 81 வயது மொரார்ஜி தேசாய் பிரதம மந்திரி ஆனார். சரண்சிங்குக்கும் அந்த நாற்காலியில் ஆசை. ஜெகஜீவன்ராமுக்கும் ஆசை. "இவருக்குப் பின் யார்?" என்ற கேள்விக்கு முதல் நாளில் இருந்தே மூன்று மூலையில் மூன்று பதில்கள்!

1979 ஜூலையில் மந்திரிசபை கவிழ்ந்தது. மொரார்ஜி பிரதமர் பதவியை ராஜினாமா செய்தார். ஆனால் கட்சித் தலைமையை உடனே விடவில்லை. ஜூலை 28-ந்தேதி சரண்சிங் பிரதம மந்திரி ஆனார். இந்திரா காந்தியின் கட்சி ஆதரவை விலக்கிக்கொண்டது. பாராளுமன்றத்தைச் சந்திக்காமலே, ஆகஸ்டு 20-ந்தேதி சரண்சிங்கும் ராஜினாமா செய்தார்.

1980 ஜனவரியில் தேர்தல் நடந்தது. ஜனதா கட்சிக்குக் கிடைத்தது 31 இடங்கள்தான். நெருக்கடி நிலைக்குப் பிறகு மக்கள் ஆசையோடு ஏற்றிவைத்த ஆட்சி அது. நாற்காலிச் சண்டையில் அது நாசமாயிற்று.

கல்கத்தாவில் கண்ட முறை

மேற்கு வங்காளத்தில் ஜோதிபாசு, 1977-ம் ஆண்டு ஜூன் மாதம் முதல்-மந்திரி ஆனார். மார்க்சிஸ்டு, பார்வர்டு பிளாக், புரட்சி சோசலிஸ்டு முதலிய கட்சிகள் சேர்ந்த இடதுசாரி முன்னணி அது. தொடர்ந்து 23 ஆண்டுகள் அவர் அந்தப் பதவியில் இருந்தார்.

வயதாயிற்று. உடல்நிலை இடம் கொடுக்கவில்லை. அவர் என்ன செய்தார்? புத்ததேவ் பட்டாச்சார்யா 1999-ம் ஆண்டு துணை முதல்-மந்திரி ஆக்கப்பட்டார். அடுத்தவர் யார் என்று ஊருக்கே தெரிந்தது. தோழமைக் கட்சிகள் பழகிக்கொள்ள அவகாசம் கிடைத்தது. புதியவர் பொறுப்பைப் படிக்கவும் நேரம் கிடைத்தது.

2000-ம் ஆண்டு நவம்பர் 6-ந்தேதி, 86-வது வயதில் ஜோதிபாசு விலகினார். தம்மைவிட 30 வயது இளையவரிடம் பொறுப்பைக் கொடுத்தார். மந்திரிசபை ஆட்டம் காணவில்லை. ஆறு மாதம் கழித்து நடந்த தேர்தலில், 294 இடங்களில் 199 இடங்கள் முன்னணிக்குக் கிடைத்தன.

அந்த ஆட்சியும் 2011-ம் ஆண்டு தோற்றது. அது வேறு கதை. நல்ல முறையில் பொறுப்பு மாறினால் ஆட்சி சாகாவரம் பெற்றுவிடாது. மக்கள் வேண்டாம் என்றால் போக வேண்டியதுதான். ஆனால், பொறுப்பு மாறிய அந்த நாளில் நாட்டின் வேலை நிற்கவில்லை. அதுதான் முக்கியம்.

தமிழ்நாட்டுப் பெருமை

இந்தப் பாடத்துக்குக் கல்கத்தா வரை போக வேண்டியது இல்லை. தமிழ்நாட்டிலேயே உதாரணம் உண்டு.

1952-ம் ஆண்டு தேர்தலில், சென்னை சட்டசபையின் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தது 152. பெரும்பான்மை இல்லை. பொது வாழ்விலிருந்து ஒதுங்கியிருந்த ராஜாஜியை அழைத்து வந்தார்கள். சிறு கட்சிகளின் ஆதரவோடு அவர் ஆட்சி நடத்தினார். பாதி நாள் படிப்புத் திட்டத்துக்கு எழுந்த எதிர்ப்பினால், 1954-ல் அவர் விலகினார்.

அடுத்தவர் யார்? உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டார்கள். காமராஜருக்கு 93 ஓட்டு. எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியத்துக்கு 41 ஓட்டு. ஜெயித்தவர் தோற்றவரை ஒதுக்கவில்லை! சுப்பிரமணியத்தை மந்திரி ஆக்கினார். எதிர் அணியில் நின்ற பக்தவத்சலத்தையும் மந்திரி ஆக்கினார். உழைப்பாளர் கட்சியின் ராமசாமி படையாட்சியாரையும் சேர்த்துக்கொண்டார்.

ஒன்பது ஆண்டுகள் ஆண்டார், காமராஜர். 1963-ம் ஆண்டு அக்டோபர் 2-ந்தேதி, கட்சிப் பணிக்காகத் தாமே பதவியை விட்டு இறங்கினார். வயது 60. யாரும் போகச் சொல்லவில்லை. அவருக்குப் பின் முதல்-மந்திரி ஆனவர் யார்? அன்று எதிர் அணியில் நின்ற அதே பக்தவத்சலம்தான்!

சாவி யாருடையது?

சுப்பிரமணிய தேசிகர் சின்னப்பட்டமாக இருந்தபோது பொறுப்பைப் பழகினார். அந்தப் பழக்கம் மந்திரிசபைக்கும் வேண்டும். ஆனால் பயிற்சி கொடுப்பது வேறு. பட்டம் கட்டுவது வேறு. பலபேருக்குப் பயிற்சி கொடுப்பது தலைவரின் கடமை. அவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பது உறுப்பினர்களின் உரிமை. மகன் என்பதற்காகத் தரக்கூடாது. மாற்று அணி என்பதற்காகத் தள்ளவும் கூடாது.

விலகிய தலைவர் புதியவருக்குப் புத்தி சொல்லலாம், கேட்டால் சொல்லலாம். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு கயிறு இழுக்கக்கூடாது. கூட்டணிக் கட்சிகளும், தலைவர் மாறும் நாளை விலை பேசும் சந்தை நாளாக ஆக்கக்கூடாது.

நாற்காலிக்குச் சண்டை நடக்கும் நாட்களில் யார் கஷ்டப்படுகிறார்கள்? தலைவர்கள் அல்ல. முதியோர் பென்ஷன் மனு கொடுத்த பாட்டி கஷ்டப்படுகிறாள். ஊருக்குப் பாலம் கேட்டவர்கள் கஷ்டப்படுகிறார்கள். பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் வராத பிள்ளைகள் கஷ்டப்படுகிறார்கள். கையெழுத்துப் போட ஆள் இல்லாமல் காகிதம் மேஜையில் கிடக்கும்.

ஆகவே, "இப்போது யார் தலைவர்?" என்று மட்டும் மக்கள் கேட்டால் போதாது. "அவருக்குப் பின் யார்? அந்த ஆளை யார் தேர்ந்தெடுப்பார்கள்?" என்றும் கேட்க வேண்டும். ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருகிறவர்களிடம், பாட்டியே அதைக் கேட்கலாம். சாவி அவளுடையது!