இண்டெக்ஸ் தானா பாத்துக்குமாம்!

போன ஞாயிற்றுக்கிழமை ஒகேனக்கல்லில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குக் கிளம்பும் நேரத்தில் பெங்களூரிலிருந்து ஒரு தம்பியின் போன். மாதாந்திர ரிப்போர்ட் நகரவே மாட்டேன் என்கிறதாம். "இண்டெக்ஸ் பாத்தியா?" என்றேன். "அதெல்லாம் பார்ட்டிஷன் போட்ட இண்டெக்ஸ்ணா, தானா பாத்துக்கும். இருந்தாலும் செக் பண்ணிட்டேன், ஒண்ணுகூட அன்யூசபிள் இல்ல." எதில் பார்த்தாய் என்றால், "யூசர்_இண்டெக்ஸஸ்லதான்" என்கிறான்!

ஆரக்கிளில் பார்ட்டிஷன் போட்ட இண்டெக்ஸுக்கு யூசர்_இண்டெக்ஸஸில் ஸ்டேட்டஸ் 'என்/ஏ' என்றுதான் வரும். எல்லாப் பார்ட்டிஷனும் நன்றாக இருந்தாலும் என்/ஏ, பாதி செத்துக் கிடந்தாலும் என்/ஏ. நிலவரம் தெரிய வேண்டுமானால் யூசர்_இண்ட்_பார்ட்டிஷன்ஸில் பார்க்க வேண்டும். சப்பார்ட்டிஷன் இருந்தால் அங்கேயும் என்/ஏ, இன்னொரு படி கீழே இறங்கியாக வேண்டும். இதையெல்லாம் விட்டுவிட்டு மேலே 'அன்யூசபிள்' என்று தேடி, 'நோ ரோஸ் செலக்டட்' என்று வந்ததும் டீ குடிக்கக் கிளம்பிவிடுகிற கூட்டத்துக்கு இங்கே டிபிஏ என்று பெயர்.

தம்பியின் டேபிளில் நடந்தது இதுதான். பழைய மார்ச் மாதப் பார்ட்டிஷனை யாரோ விலை குறைந்த டிஸ்க்குக்கு மாற்றியிருக்கிறார்கள். மூவ் பார்ட்டிஷன் கொடுத்தால் ரோ-ஐடி எல்லாம் மாறும். கூடவே 'அப்டேட் இண்டெக்ஸஸ்' என்று இரண்டு வார்த்தை எழுதக் கை வரவில்லை. மார்ச் மாத லோக்கல் இண்டெக்ஸ் அன்யூசபிள் ஆகிவிட்டது. டேட்டாபேஸ் கத்தியதா? இல்லை. 10ஜி காலத்திலிருந்தே, செத்த இண்டெக்ஸைத் தாண்டிப் போவதுதான் அதன் இயல்பான செட்டிங். பேசாமல் மார்ச் முழுவதையும் ஃபுல் ஸ்கேன் செய்துகொண்டிருக்கும். எரர் கிடையாது, அலாரம் கிடையாது. டாஷ்போர்டில் பச்சை விளக்கு. மேனேஜருக்கு அது போதும்.

ஒகேனக்கல்லுக்கு மேலே இருக்கிறது பிலிகுண்டுலு. கர்நாடகம் விடும் காவிரித் தண்ணீரை மத்திய நீர் ஆணையம் அளக்கிற இடம். 2018 பிப்ரவரி 16 தீர்ப்பின்படி நமக்கு ஆண்டுக்கு 177.25 டிஎம்சி. அதற்கு மாதக் கணக்கு இருக்கிறது: ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95. 2022-ல் வெள்ளமாக வந்ததைக் காட்டி, 2023 ஆகஸ்டில் காய்ந்து கிடந்த டெல்டா விவசாயியிடம் "மொத்தத்தில் எல்லாம் சரிதான்" என்று சொல்லிப் பாருங்கள். ஆகஸ்ட் தண்ணீரை ஆகஸ்டில்தான் கேட்க வேண்டும். மார்ச் பார்ட்டிஷனை மார்ச் வரியில்தான் பார்க்க வேண்டும். நாற்று நடுகிறவருக்குத் தெரிந்த இந்தக் கணக்கு, சுவரில் மூன்று சர்ட்டிபிகேட் மாட்டியவருக்குத் தெரியவில்லை.

போஸ்ட்கிரஸ்காரர்கள் சிரிக்க வேண்டாம். தாய் டேபிளில் கன்கரன்ட்லி ஓடாது என்பதால் ஒவ்வொரு பார்ட்டிஷனாக இண்டெக்ஸ் கட்டி அட்டாச் செய்கிறீர்கள். ஒன்றை மறந்தாலும் தாய் இண்டெக்ஸ் இன்வேலிட்தான். பிஜி_இண்டெக்ஸில் இண்டிஸ்வேலிட் என்ன சொல்கிறது என்று கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

இன்னொரு ஜாதி இருக்கிறது: ஞாயிறு தவறாமல் எல்லா இண்டெக்ஸையும் ரீபில்ட் போடுகிறவர்கள். ஏன் என்று கேட்டால், "எங்க சீனியர் சொன்னாரு". அந்த சீனியருக்கு அவருடைய சீனியர் சொன்னார். நோய் என்னவென்றே பார்க்காமல் ஊருக்கே ஊசி போடுகிற வேலை. இத்தனைக்கும் பிறகு ரிப்போர்ட் ஊர்ந்தால், "சர்வர் பத்தல, ராம் போடணும்" என்று கம்பெனிக்கு எஸ்டிமேட் போகும். விற்கிறவனுக்குக் கொண்டாட்டம். மார்ச் இண்டெக்ஸ் மட்டும் அப்படியே செத்துக் கிடக்கும்.

டேட்டாபேஸ் எதையும் தானாகப் பார்த்துக்கொள்ளாது. சொன்னதைச் செய்யும், சொல்லாததை விட்டுவிடும். மூவ், ஸ்ப்ளிட், எக்ஸ்சேஞ்ச் எது செய்தாலும் அன்றைக்கே யூசர்_இண்ட்_பார்ட்டிஷன்ஸைத் திறந்து பாருங்கள். அன்யூசபிள் என்று நிற்கிற அந்த ஒரு பார்ட்டிஷனை மட்டும் ரீபில்ட் செய்யுங்கள். இதைக்கூடச் செய்யாதவர்கள் ஞாயிற்றுக்கிழமையில் யாருக்கும் போன் செய்ய வேண்டாம்.