இருளா, ஒளியா?

கணினி மொழி கற்க நாம் நாடும் விளக்கப் பக்கங்கள் முதலில் கறுப்பாகத் திறப்பது நன்றா, வெள்ளையாகத் திறப்பது நன்றா?

"கறுப்பே கண்ணுக்கு இதம்" என்பார் பலர். சிலிண்டர் பவர் கண்ணாடி அணியும் எனக்கோ கறுப்பில் வெள்ளெழுத்துகள் மங்கிப் படர்கின்றன. வெண்திரையின் வெளிச்சத்தில் கண்பாவை சுருங்குவதால் எழுத்து தெளிவாகிறது. ஆனால், என் அருகில் அமரும் தோழிக்கு அதே வெண்மை கண்ணைக் கூசச் செய்கிறது! இருவரில் யாரைத் தள்ளுவது?

பைத்தான் மொழியின் விளக்கப் பக்கத்தில் தானியங்கி, ஒளி, இருள் என மூன்று தேர்வுகள் உண்டு. தானியங்கி என்பது, நம் கருவியில் நாம் வைத்திருக்கும் நிறத்தையே பின்பற்றுவது. அதுவே முதல் நிலையாக இருக்கட்டும். மாற்றும் பொத்தானும் கண்ணெதிரே இருக்கட்டும்.

கற்பிக்க வந்த பக்கம், கற்பவரின் கண்களை மதிக்க வேண்டும் என்பதே என் தாழ்மையான கருத்து.

— பத்தாம் வகுப்பு மாணவி